முகூர்த்தத்துக்கு முன் முடியும் ஒப்பனை: நான்கு வழிகளின் ஒப்பீடு

முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை என்று பத்திரிகையில் அச்சாகியிருந்தால், மணப்பெண்ணின் அலங்காரம் 5 மணிக்கே முடிந்திருக்க வேண்டும். மணமேடைக்கு அழைக்கப்படும் முன் புகைப்படக்காரருக்கும் வீடியோக்காரருக்கும் அரை மணி நேரமாவது தேவைப்படும்; அதற்கிடையிலேயே பெரியவர்கள் வந்து ஏதேனும் ஒரு சடங்குக்கு அவரை அழைத்துப் போவார்கள். முகம், கூந்தல், புடவை, நகை, பூ எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒப்பனைக் கலைஞர் அதிகாலை 2.30 மணிக்கு வேலையைத் தொடங்கியாக வேண்டும். இந்தக் கணக்கு தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் 5.20 மணிக்கு இடக் கண்ணின் ஐலைனரை அழித்துவிட்டு மறுபடி வரைந்துகொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் கைத்திறன் குறைந்தவர்கள் இல்லை. தொழிலை மிகவும் நேசிப்பவர்கள். தங்கள் வேலையில் குறை என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று அஞ்சுபவர்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

நடைமுறையில் அவர்கள் முன் நான்கு வழிகள் உள்ளன. ஏற்கும் வேலைகளைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் கூடுதல் நேரம் ஒதுக்கலாம். தூரிகைக்கும் ஸ்பாஞ்சுக்கும் பதிலாக, பூச்சைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் முறைக்கு மாறலாம். உதவியாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது, முடிவுகளையெல்லாம் சில வாரங்களுக்கு முன்பே ட்ரையலில், அதாவது ஒத்திகை ஒப்பனையில், எடுத்து எழுதி வைத்துவிட்டு, திருமணத்தன்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் வகுத்துக்கொண்டு வேலை செய்யலாம். நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்க யாருக்கும் பணமும் இருக்காது, மனமும் இருக்காது. ஆகையால் எதை முதலில் எடுப்பது என்பதுதான் முடிவுசெய்ய வேண்டிய விஷயம். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் பெரும்பாலானோர் திருமணம் வைப்பதில்லை என்பதால், அந்த மாதங்களே இதற்கு ஏற்ற காலம். ஆவணி பிறந்த பிறகு நிதானமாக யோசிக்க அவகாசம் கிடைப்பதில்லை.

முதலில், நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முகத்துக்கு ஃபவுண்டேஷன் பூசுவதற்கு உண்மையில் அதிக நேரம் ஆவதில்லை. எந்த நிறம் என்று தயங்குவதற்கும், பூசிய பின் சரியாக இல்லையோ என்று சந்தேகப்பட்டு இன்னொன்றைக் கலப்பதற்கும்தான் நேரம் ஆகிறது. மண்டபத்து அலங்கார அறையில் ஒரு பக்கம் டியூப் லைட்டும் மறுபக்கம் மஞ்சள் பல்பும் எரியும்போது, அதே ஃபவுண்டேஷன் ஒரு கன்னத்தில் வெளிறியும் மறு கன்னத்தில் சிவந்தும் தெரியும். சில ஃபவுண்டேஷன்கள் தோலின் எண்ணெயோடு சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஒரு சாயல் கருத்துப்போகும். அதற்குள் அவசரப்பட்டு நிறத்தை மாற்றியவர், பின்னர் அந்த மாற்றத்தையே சரிசெய்ய வேண்டியிருக்கும். ஐலைனரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வலக் கண்ணின் வால் சற்று நீண்டுவிட்டது என்று இடக் கண்ணை நீட்டுவோம். இப்போது இடது தடித்துவிட்டது என்று வலதைத் தடிக்கச் செய்வோம். நான்காம் முறை முடியும்போது மணப்பெண்ணின் இமையில் பாதியை மை பிடித்திருக்கும். நேரத்தைத் தின்பவை தயக்கமும் திருத்தமுமே என்பதை மனத்தில் கொண்டால், நான்கு வழிகளையும் எடைபோடுவது எளிதாகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். மிகையான திருத்தம் நேரத்தை மட்டும் கெடுப்பதில்லை, ஒப்பனையையும் கெடுக்கிறது. கண்ணுக்குக் கீழே கருமையை மறைக்கும் கன்சீலரை ஒவ்வொரு முறை கூட்டும்போதும் அதன் மேல் பவுடரும் கூடுகிறது. சென்னைப் புழுக்கத்தில், ஹோமப் புகைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த இடமே முதலில் வெடிக்கும். இப்போதெல்லாம் வீடியோ மிகத் துல்லியமாக இருக்கிறது, குளோஸ்-அப்பில் எல்லாமே தெரிந்துவிடும், அதனால்தான் இவ்வளவு பாடுபடுகிறோம் என்று கலைஞர்கள் சொல்வது நியாயமான வாதம்தான். ஆனால் அந்தக் கேமரா முதலில் காட்டிக்கொடுப்பது அடுக்கடுக்காக ஏறிய பூச்சின் தடிப்பையே. இரு கண்களின் ஐலைனருக்கு இடையே உள்ள அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை அது காட்டினாலும் பார்ப்பவர் எவரும் கவனிப்பதில்லை. மனித முகம் எவருக்கும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், அந்த வித்தியாசம் முகத்தின் இயல்போடு கரைந்துபோகிறது.

முதல் வழியான வேலையைக் குறைத்துக்கொள்வது, கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றும். ஒரு முகூர்த்த நாளில் ஒரே மணப்பெண், அவருக்கு இரண்டரை மணிக்குப் பதிலாக மூன்றரை மணி நேரம் என்று முடிவுசெய்வது, ஒரே காலையில் இரண்டு மண்டபங்களுக்கு ஓடிக்கொண்டிருப்பவருக்குக் கட்டாயம் நன்மை தரும். ஆனால் ஏற்கெனவே ஒருவரை மட்டும் ஏற்றுக்கொண்டு அதிலும் தாமதிப்பவருக்கு இது உதவாது. ஒரு வேலை தனக்குக் கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும்படி விரியும் என்று பிரிட்டனைச் சேர்ந்த நார்த்கோட் பார்க்கின்சன் 1955இல் எழுதியது அரசு அலுவலகங்களை மனத்தில் வைத்துத்தான் என்றாலும், ஒப்பனை அறைக்கும் அது அப்படியே பொருந்தும். கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரம் இன்னும் நான்கு திருத்தங்களுக்கே போகும். போதாக்குறைக்கு, மணப்பெண் நள்ளிரவு 1.30 மணிக்கே எழுந்து உட்கார வேண்டியிருக்கும். முந்தைய நாள் மாலை வரவேற்பில் நின்று களைத்தவரின் கண்கள் தூக்கமின்றி வீங்கியிருந்தால், அதை மறைக்க மேலும் நேரம் ஆகும். வருமானமும் குறையும். எனவே இதைக் கடைசித் தெரிவாக மட்டுமே பரிந்துரைப்பேன்.

ஏர்பிரஷ்ஷைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் பெரிய நம்பிக்கை ஊட்டப்படுகிறது. சிறிய கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று, நீர்த்த ஃபவுண்டேஷனை மிக நுண்ணிய துளிகளாக்கி முகத்தில் தெளிக்கிறது. பூச்சு மெல்லியதாகவும் சீராகவும் அமைகிறது. சிலிக்கோன் அடிப்படையிலான வகைகள் வியர்வைக்கு நன்றாகவே தாக்குப்பிடிக்கின்றன. மிகைத் திருத்தம் செய்பவருக்கு இதில் ஒரு மறைமுகமான நன்மையும் உண்டு: தெளித்த பூச்சின் மேல் விரலோ ஸ்பாஞ்சோ பட்டால் கெட்டுவிடும் என்பதால், கை தானாகவே அடங்கிவிடுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே சிலருக்கு இது உண்மையில் பயன்பட்டிருக்கிறது.

ஆயினும் இது மிச்சப்படுத்தும் நேரம் ஒரே ஒரு கட்டத்தில்தான். கண், புருவம், கூந்தல், புடவை எதுவும் இதனால் விரைவாவதில்லை. நிறம் மாற்றும்போதெல்லாம் கருவியின் முனையைச் சுத்தம் செய்ய வேண்டும். மின்சாரம் போனால் வேலை நிற்கும், ஆகவே பேட்டரியில் இயங்கும் கருவி தேவை. பருத்தழும்பின் மேடுபள்ளங்களை இது மறைக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, நம் திருமணங்களில் மணப்பெண் அழுவார் என்பதும், கூறைப்புடவை மாற்ற நடுவே எழுந்து வருவார் என்பதும். கண்ணீர்க் கோடு விழுந்த ஏர்பிரஷ் பூச்சை அந்தச் சில நிமிடங்களில் ஸ்பாஞ்சால் ஒற்றிச் சரிசெய்வது, சாதாரண பூச்சைச் சரிசெய்வதைவிடக் கடினம். கையில் தேர்ச்சி வரவும் நாளாகும். அந்தக் காலம் முழுவதும் வேகம் குறையுமே தவிரக் கூடாது. தாமதத்துக்குத் தீர்வாக இதை வாங்குவது பணத்தைத் தவறான இடத்தில் போடுவதாகும். எண்ணெய்ப்பசை மிகுந்த தோலுக்கு இன்னொரு சேவையாக வழங்க விரும்புபவர் வாங்கினால் அது வேறு கணக்கு.

உதவியாளர் விஷயம் முற்றிலும் வேறு தரத்தைச் சேர்ந்தது. இரண்டரை மணி நேரத்தில் கூந்தல், புடவை, நகை, பூ ஆகியவை பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. நெற்றிச்சுட்டியை நேராக அமர்த்தி ஊசி குத்துவது, மாட்டலைக் காதின் பாரம் தாங்கும்படி கூந்தலில் கோப்பது, ஜடைக்கு மேல் ராக்கொடியும் பூவும் வைப்பது, ஒட்டியாணத்தை மடிப்புக் குலையாமல் பூட்டுவது என்று இவற்றில் பெரும்பகுதி முகத்தைத் தொடாத வேலை. இவற்றை இன்னொரு கை கவனித்தால், முகத்துக்கான நேரம் குறையாமலேயே மொத்த நேரம் முக்கால் மணி அளவுக்குச் சுருங்கும். புடவையை முந்தைய நாளே இஸ்திரி போட்டு, மடிப்பு வைத்து, கிளிப் மாட்டிப் பெட்டி மடிப்பாக மடித்துத் தருவதை மட்டுமே தொழிலாகச் செய்பவர்கள் இப்போது பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாதவர் இந்த ஒரு வேலையையாவது வெளியே கொடுத்துவிடலாம். கூறைப்புடவை மாற்றும்போது, மேடையில் வாத்தியார் காத்திருக்கையில், முன்னரே மடித்த புடவை எவ்வளவு பெரிய துணை என்பது அந்த நெருக்கடியில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒன்பது கஜ மடிசார் கட்டும் குடும்பம் என்றால், அதைக் கட்டிப் பழகிய மாமி ஒருவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைப்பதே மேல்.

உதவியாளரின் கூலி அதிகச் செலவு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மணப்பெண்ணின் தாயார், அக்கா, அத்தை என்று அதே காலையில் அதே மண்டபத்தில் கூடுதலாக ஒப்பனை கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் மிச்சமானால் அவர்களில் ஒருவரை ஏற்றுக்கொள்ளலாம், கூலி அதிலேயே வந்துவிடும்.

தடை பணத்தில் இல்லை, குணத்தில் இருக்கிறது. எல்லாம் தன் கையால் நடந்தால்தான் திருப்தி என்று இருப்பவர், உதவியாளர் வைத்த கொசுவத்தைப் பிரித்துவிட்டு மறுபடி வைப்பார். அப்போது ஒரே வேலைக்கு இருவரின் நேரம் செலவாகிறது. உதவியாளரும் நாளடைவில் தாமாக எதையும் செய்ய அஞ்சி, ஊசி எடுத்துக் கொடுப்பவராகச் சுருங்கிவிடுவார். ஆகையால் ஒப்படைப்பதென்றால் அரைகுறையாக ஒப்படைக்கக் கூடாது. புடவை என்றால் கொசுவத்திலிருந்து முந்தானை வரை அவருடையது. அதன் அளவுகோலைத் திருமணத்தன்று காலையில் சொல்லாமல், ஆடி மாதத்தில், வெறும் பயிற்சி நாளில், பலமுறை கட்டிப் பார்த்து இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்ய முடியாது என்று தன்னைப் பற்றித் தெளிவாகத் தெரிந்தவர், உதவியாளரை வைப்பதைத் தள்ளிப்போட்டு நான்காம் வழியில் தொடங்குவது நல்லது.

நான்காம் வழியையே முதலில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்குக் காரணம், தயக்கம் பிறக்கும் இடத்தையே அது மாற்றிவிடுகிறது. ட்ரையலைப் பலர் வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தும் சடங்காக மட்டும் செய்கிறார்கள். ஆனால் ஃபவுண்டேஷனில் எந்த இரண்டு எண்களை எந்த விகிதத்தில் கலந்தோம், கருவளையத்துக்கு ஆரஞ்சு கரெக்டர் எவ்வளவு தேவைப்பட்டது, பொய் இமை எந்த வடிவம், உதட்டுக்கு எந்த நிறம், பொட்டின் அளவு என்ன என்பதையெல்லாம் அன்றே ஒரு தாளில் எழுதி, நல்ல வெளிச்சத்தில் முகத்தை முன்னும் இருபக்கமும் படமெடுத்து, ஃபிளாஷ் போட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டால், திருமணக் காலையில் யோசிப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. ஃபிளாஷ் படம் ஏன் என்றால், சிலிக்கா கலந்த சில செட்டிங் பவுடர்களும், டைட்டானியம் டையாக்சைடு உள்ள சன்ஸ்கிரீன்களும் நேரில் தெரியாத வெண்மையை ஃபிளாஷ் வெளிச்சத்தில் காட்டும். அதை ட்ரையலிலேயே பார்த்துவிட்டவருக்கு மண்டபத்தில் அந்தப் பயம் இருக்காது. பகல் வெளிச்சத்தை ஒத்த, சுமார் 5,500 கெல்வின் அளவிலான சொந்த விளக்கு ஒன்றை ட்ரையலுக்கும் திருமணத்துக்கும் ஒரேபோல் எடுத்துச் சென்றால், அறையின் மஞ்சள் பல்பு நம்மை ஏமாற்றவும் முடியாது.

ட்ரையலால் இன்னொரு பெரிய தொல்லையும் தீர்கிறது. மணப்பெண்ணின் நிறத்தைவிட இரண்டு சாயல் வெளுப்பாக ஆக்கச் சொல்லி உறவினர் ஒருவராவது அறைக்குள் வந்து நிற்பது நமக்கு மிகவும் பழக்கமான காட்சி. அந்தச் சொல்லுக்குப் பணிந்து மேல்பூச்சை வெளுக்கச் செய்தால், மாநிறத் தோல் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். கழுத்தும் கையும் தனியே நிற்கும். பிறகு அதைச் சமன்செய்ய இருபது நிமிடம் போகும். மணப்பெண் ட்ரையலில் பார்த்து, விரும்பி, சரி என்று சொன்ன புகைப்படம் கையில் இருந்தால், மரியாதையோடு அதைக் காட்டி வேலையைத் தொடரலாம். தன் சொந்த நிறத்தில் அழகாக இருக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. அந்த அறையில் அதற்குத் துணைநிற்கக் கூடியவர் பெரும்பாலும் ஒப்பனைக் கலைஞர் ஒருவர்தான்.

நேர வகுப்பைப் பொறுத்தவரை, நிமிடங்களைவிட வரிசை முக்கியம். ரவிக்கையும் பாவாடையும் முதலிலேயே அணிந்துவிட வேண்டும், தலை வழியே எதையும் பின்னர் கழற்றக் கூடாது. கூந்தலுக்குச் சுருள் வைப்பதாக இருந்தால் தொடக்கத்திலேயே சுற்றிக் கிளிப் போட்டுவிட்டால், முகம் முடிவதற்குள் அது ஆறிப் பிடித்திருக்கும். மாய்ஸ்சரைசர் தோலில் இறங்கும் ஐந்து நிமிடத்தில் தாளைப் பார்த்து நிறங்களைக் கலந்து வைக்கலாம். இமைப் பசை சற்று இறுகும் அரை நிமிடத்தில் புருவத்தைச் சீவலாம். முகத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம், கூந்தலுக்கு நாற்பது, புடவைக்கு இருபது, நகைக்கும் பூவுக்கும் இருபத்தைந்து என்பது, தனியாக வேலை செய்பவருக்கு எட்டக்கூடிய அளவு. மல்லிகையைக் கடைசியில் வைத்தால் முகூர்த்தம் வரை வாடாமல் இருக்கும்.

இதனுடன் நிறுத்தும் விதி ஒன்று வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பது, செல்பேசியில் ஒரு படம் எடுப்பது, அந்தப் படத்தில் தெரியும் குறையை ஒரே ஒரு முறை திருத்துவது, படத்தில் தெரியாததைத் தொடாமல் விடுவது. ஐலைனரில் தடித்த பக்கத்தை நுனிப்பஞ்சால் குறைக்கலாமே தவிர, மெலிந்த பக்கத்தைக் கூட்டக் கூடாது என்ற ஒரு விதியே பெரிய நேரத்தை மிச்சப்படுத்தும். இந்த வழிக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் மனக்கட்டுப்பாடு நான்கிலும் இதற்குத்தான் அதிகம் வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. கடிகாரத்தை வைத்துவிட்டு அதைப் பார்க்காமலிருப்பது மிகவும் எளிது. அதனால் தொடக்கத்தில் நேரத்தைச் சத்தமாகச் சொல்லும் பொறுப்பை மணப்பெண்ணின் தங்கைக்கோ தோழிக்கோ கொடுத்துவிடுவது நல்லது.

எந்த வழி யாருக்கு என்பதில் இன்னும் ஒரு கவனம் தேவை. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் பால் ஹெவிட்டும் கோர்டன் ஃபிளெட்டும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், குறையின்மை வேண்டும் என்ற பிடிவாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே அதை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நம்புவது. ஒப்பனை அறையில் மூன்றையும் பார்க்கலாம். தன் கண்ணுக்கே திருப்தி வராதவருக்கு நிறுத்தும் விதியும் செல்பேசிப் படமும் உதவும், ஏனெனில் தீர்ப்பு அவரது பதற்றத்திடமிருந்து படத்துக்குக் கைமாறுகிறது. பிறர் வேலை பிடிக்காதவர் உதவியாளரை வைப்பதற்கு முன் நீண்ட பயிற்சிக்குத் தயாராக வேண்டும். சமூக ஊடகத்தில் பார்க்கும், ஃபில்டர் போட்டு மெருகேற்றிய மணப்பெண் படங்களோடு தன் வேலையை ஒப்பிட்டு நடுங்குபவருக்கு ட்ரையலில் எடுத்த, எந்த மெருகும் ஏற்றாத படமே மருந்து. தோலில் துளைகள் இருக்கும், அவை தெரியும். வாடிக்கையாளரும் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார். பதற்றம் ஒப்பனையைத் தாண்டி உறக்கத்தையும் உணவையும் கெடுக்கும் அளவுக்குப் போயிருந்தால், இந்த நான்கு வழிகளுக்கும் முன்னால் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பதே சரி.

வேகத்துக்காக எவற்றைக் குறைக்கக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். தூரிகைகளை ஒவ்வொருவருக்குப் பின்னும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தப்படுத்துவது, கிரீம்களைத் தட்டில் கரண்டியால் எடுத்துப் பயன்படுத்துவது, மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் குச்சி, ட்ரையலின்போதே இமைப் பசையையும் ஃபவுண்டேஷனையும் தோலில் தடவி ஒரு நாளாவது ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பது ஆகிய இவற்றில் எவ்வளவு பிடிவாதமாக இருந்தாலும் தகும். கண்ணில் தொற்று வந்தால் எந்த அழகும் ஈடாகாது. நேர்த்தி மீதான அக்கறை முழுவதையும் இந்த இடங்களுக்குத் திருப்பிவிட முடிந்தவர்கள், ஐலைனரின் அரை மில்லிமீட்டரை எளிதாக விட்டுக்கொடுப்பதைக் கண்டிருக்கிறேன்.

எனவே வரிசை இவ்வாறு அமையும். இந்த ஆடியில் தாள் ஒன்றை வடிவமைத்து, சொந்த விளக்கு வாங்கி, நிறுத்தும் விதியோடு பழகிய முகங்களில் வேலை செய்து பார்க்க வேண்டும். ஆவணி முகூர்த்தங்களில் புடவை மடிப்பை மட்டும் வெளியே கொடுத்துப் பார்க்கலாம். அதில் மனம் பழகிவிட்டால், தை பிறப்பதற்குள் ஒரு உதவியாளரைத் தேடிப் பயிற்றலாம். ஏர்பிரஷ் அதற்குப் பிறகு, கையில் பணம் மிஞ்சினால். நாளுக்கு ஒரு மணப்பெண் என்ற முதல் வழி, இவை எல்லாவற்றையும் செய்தும் உடல் தாங்கவில்லை என்பவர்களுக்கு மட்டும். திரைப்படத்திலோ விளம்பரப் படத்திலோ பணிபுரிபவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே ஒரே முகத்தை வாரக்கணக்கில் மாறாமல் திரும்பத் திரும்ப அமைக்க வேண்டியிருப்பதால், தாளும் படமும் எடுக்கும் வழக்கம் வேலையின் அங்கமாக ஏற்கெனவே இருக்கிறது, அவர்கள் நேராக உதவியாளரிலிருந்து தொடங்கலாம்.